பழைய குர்திஷ் கம்பளத்தை அடையாளம் காண: முதலில் திருப்பிப் போடுங்கள்

ஏலப் பட்டியல்களையும் கம்பளக் கடைகளின் விலைச்சீட்டுகளையும் கொஞ்ச நாள் மேய்ந்தால் ஒன்று புரியும். எங்கே நெய்ததென்று விற்பவருக்கே தெரியாத, சற்று முரட்டுத்தனமான, நிறம் தூக்கலான கம்பளம் வந்தால் அதில் 'குர்திஷ்' என்று ஒரு சீட்டைத் தொங்கவிட்டுவிடுவார்கள். மறுபக்கம், உண்மையிலேயே குர்திஷ் பெண்கள் நெய்த கம்பளங்கள் பல தலைமுறைகளாக வேறு பெயர்களில் விலைபோயின. மோசுல், ஹமதான், காக்கசஸ், யூருக் என்று வாங்குபவர் காதுக்குப் பழகிய பெயர் எதுவோ அது. மோசுல், ஹமதான் இரண்டுமே பெரும்பாலும் சரக்கு கைமாறிய சந்தைகளின் பெயர்கள். மற்ற இரண்டும் பக்கத்து மக்களுக்கும் பக்கத்துப் பிரதேசத்துக்கும் உரியவை. ஆகவே இந்தத் துறையில் சீட்டை நம்பிப் பயனில்லை. பொருளைத்தான் படிக்க வேண்டும்.

நிலவியலை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குர்திஷ் மக்கள் வாழும் நிலம் இன்றைய துருக்கியின் கிழக்கு, ஈரானின் மேற்கு, இராக்கின் வடக்கு, சிரியாவின் வடகிழக்கு என நான்கு நாடுகளில் பரந்து கிடக்கிறது. இதைத் தவிர ஈரானின் வடகிழக்கு மூலையில் குராசானிலும் ஒரு பெரிய கூட்டம் உண்டு. சுமார் 1600ஆம் ஆண்டையொட்டி பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் எல்லைக் காவலுக்காக அங்கே குடியேற்றிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஒரே மக்கள்தான், ஆனால் ஓரிடத்தில் நகரத்துத் தறி, ஓரிடத்தில் மலைக்கிராமம், இன்னோரிடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டு இடம்பெயரும் கூடாரம். அதனால் எல்லாக் குர்திஷ் கம்பளத்துக்கும் பொதுவான ஒற்றை அடையாளம் என்று ஒன்றைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பல சிறு தடயங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், ஒரு ஸ்கேல், வெள்ளைப் பருத்தித் துணி, தண்ணீர், குறிப்பேடு. பகல் வெளிச்சம் அவசியம். கடைகளின் மஞ்சள் விளக்கில் சிவப்புகள் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கம்பளத்தைச் சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டு, அதற்கு விற்பவர் முகம் சுளித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பின்பக்கம்

புதிதாக வருபவர் எல்லோரும் முன்பக்கத்து வடிவங்களைப் பார்த்துத்தான் தொடங்குவார்கள். வடிவம் ஊர்விட்டு ஊர் போகும். சந்தையில் பார்த்ததை ஒருத்தி வீட்டுக்கு வந்து நெய்வாள், கல்யாணமாகி வந்த மருமகள் தாய்வீட்டு வடிவத்தைக் கொண்டுவருவாள், வியாபாரி மாதிரி கொடுத்து நெய்யச் சொல்வான். ஆனால் பாவு (நீளவாக்கு நூல்) எப்படிப் பூட்டுவது, ஒரு வரி முடிச்சுக்குப் பிறகு எத்தனை ஊடை (குறுக்கு நூல்) ஓட்டுவது, எவ்வளவு அழுத்தி அடிப்பது என்பதெல்லாம் சின்ன வயதில் தாயிடம் கற்ற கைப்பழக்கம். அது லேசில் மாறாது. அந்தக் கைப்பழக்கம் முழுதும் பின்பக்கத்தில்தான் பதிந்திருக்கும்.

நூலில் தொடங்குங்கள். குஞ்சமாகத் தொங்குவது பாவு நூலின் முனை. அது ஆட்டு ரோமமா, பருத்தியா, வெள்ளாட்டு மயிரா? கிராமத்து, நாடோடிக் குர்திஷ் கம்பளங்களில் பாவும் ஊடையும் பெரும்பாலும் செம்மறியாட்டு ரோமம். கிழக்கு அனத்தோலியாவில், அதாவது துருக்கியின் கிழக்கில், பாவு கறுப்பாகவோ பழுப்பாகவோ இருப்பதும், வெள்ளாட்டு மயிர் கலந்திருப்பதும் உண்டு. பருத்திப் பாவு என்றால் நகரத்துத் தறி, அல்லது பிற்காலம். சந்தேகம் வந்தால், உரிமையாளர் அனுமதியோடு குஞ்சத்திலிருந்து ஓரிரு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் நாற்றம் வந்தால் ரோமம், காகிதம் எரியும் வாசம் வந்தால் பருத்தி. ஒட்டுவேலையாகப் பின்னால் தைத்துச் சேர்த்த குஞ்சமும் இருக்கும். நூல் உள்ளேயிருந்தே வருகிறதா என்று பார்த்த பிறகு எதையும் முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது முடிச்சு. கம்பள உலகில் இரண்டு பெரிய வகை. இரண்டு பாவு நூல்களையும் ஒரே மாதிரி சுற்றி நடுவில் இரண்டு முனையும் சேர்ந்து வெளியே வருவது சமமுடிச்சு. ஒரு நூலை மட்டும் முழுதாகச் சுற்றி மற்றதன் அடியில் நுழைந்து வருவது சமமில்லாத முடிச்சு. முன்பக்கத்தை ஒரு முடிச்சு வரிசையோடு வளைத்துப் பிளந்து லென்ஸில் பாருங்கள். முடிச்சின் முனைகளாக மேலே நிற்கும் ரோமத்தின் அடியில் இரண்டு பாவுக்கும் குறுக்கே சின்னக் காலர் ஒன்று கிடந்தால் சமமுடிச்சு. குர்திஷ் நெசவு ஏறக்குறைய முழுவதும் இதுதான். சமமில்லாத முடிச்சைக் கண்டால், யாரோ குர்திஷ் என்று சொன்னாலும், கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். குராசானில் இது மிகவும் உதவும். அங்கே பக்கத்தில் வாழும் பலூச் மக்களின் கம்பளமும் குர்திஷ் கம்பளமும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல இருட்டாக இருக்கும். பலூச் பெண்கள் பெரும்பாலும் போடுவது சமமில்லாத முடிச்சு, குச்சான் பகுதிக் குர்திஷ் பெண்கள் போடுவது சமமுடிச்சு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பழைய கம்பள நூல்களில் சமமில்லாத முடிச்சுக்கு 'சென்னே முடிச்சு' என்று பெயர். சென்னே என்பது ஈரானின் குர்திஸ்தான் மாகாணத் தலைநகர் சனந்தஜின் பழைய பெயர். ஆனால் அந்த ஊரில் நெய்வது சமமுடிச்சில்தான். ஐரோப்பிய வியாபாரிகள் யாரோ எப்போதோ ஒட்டிவிட்ட பெயர், அப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது ஊடை. பின்பக்கத்தில் இரண்டு முடிச்சு வரிசைகளுக்கு நடுவே ஓடும் குறுக்கு நூல்தான் அது. எத்தனை முறை ஓடுகிறது? என்ன நிறம்? பாவு நூல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் படுத்திருக்கின்றனவா, ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறதா? ஒரே மட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு முடிச்சும் பின்னால் இரண்டு சம மணிகளாகத் தெரியும். ஒளிந்திருந்தால் ஒரு மணி மட்டும் தெரியும், கம்பளமும் பலகைபோல விறைப்பாக இருக்கும். இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முடிச்சு அடர்த்தியையும் எண்ணி வையுங்கள். பின்பக்கத்தில் ஓர் அங்குலம் அகலம், ஓர் அங்குலம் உயரம் எண்ணிப் பெருக்கினால் போதும். ஆனால் அடர்த்தி அதிகம் என்றால் மதிப்பு அதிகம் என்ற கடைப்பேச்சைக் குர்திஷ் கம்பளத்திடம் கொண்டுவராதீர்கள். சதுர அங்குலத்துக்கு ஐம்பது அறுபது முடிச்சே உள்ள ஒரு நல்ல பையின் (ஜாஃப் என்ற குர்திஷ் கூட்டத்தார் நெய்தது) நிறம், அதைவிடப் பல மடங்கு நுணுக்கமான பட்டறைக் கம்பளத்தை மங்கவைத்துவிடும்.

இரண்டாம் படி: பின்பக்கத்தை வைத்து ஊரைத் தேடுதல்

மூன்று இடங்களைப் பின்பக்கத்தை மட்டும் வைத்தே ஓரளவு பிடித்துவிடலாம். புதியவர்கள் அங்கேதான் பழக வேண்டும்.

சென்னே: விரல் நகத்தைப் பின்பக்கத்தில் லேசாக ஓட்டுங்கள், உப்புத்தாள்மேல் ஓட்டியதுபோல் சொரசொரக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு மெல்லிய ஊடைதான். அது மாற்றி மாற்றிப் பாவுக்கு மேலும் கீழும் போவதால் பின்பக்கம் முழுதும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். பாவு பருத்தி. மிக நுணுக்கமான சிலவற்றில் பட்டுப் பாவு, அதுவும் பல நிறப் பட்டைகளாகச் சாயம் தோய்த்தது. ரோமத்தை ஒட்ட நறுக்கியிருப்பார்கள். கையில் எடுத்தால் துணிபோல மடியும். முடிச்சில்லாமல், நம் ஜமுக்காளம்போல் பாவும் ஊடையும் மட்டுமே கொண்டு நெய்யும் கிலிம் விரிப்புகளும் இந்த ஊரில் பேர்போனவை. நிறம் மாறும் இடங்களில் சின்னச் சின்னப் பிளவுகள் விட்டு நெய்வார்கள்.

பீஜார்: சனந்தஜுக்கு வடகிழக்கே இருக்கும் ஊர். இதன் நெசவு சென்னேயின் நேர்எதிர். பாவு ஒன்றன்பின் ஒன்றாக முழுதும் ஒளிந்திருக்கும். மெல்லிய ஊடைகளோடு தடித்த ஊடை ஒன்றையும் வைத்து, கனமான உலோகச் சீப்பால் அடித்து இறுக்கியிருப்பார்கள். 'ஈரானின் இரும்புக் கம்பளம்' என்று வியாபாரிகள் சொல்வது வெறும் விளம்பரம் இல்லை. இரண்டு கையாலும் மடிக்க முயன்றால் எதிர்த்து நிற்கும். முயலவே வேண்டாம் என்பேன். பழைய பீஜாரை முரட்டுத்தனமாக மடித்தால் பாவு முறிந்துவிடும், அந்தச் சத்தம் காதுக்கே கேட்கும். பழையவற்றில் பாவும் ரோமம், பிற்காலத்தவை பருத்தி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பீஜார் வட்டாரத்தில், குறிப்பாகத் தகாப் பக்கம், துருக்கிய மொழி பேசும் அஃப்ஷார் மக்களும் இதே முறையில் நெய்தார்கள். 'பீஜார் நெசவு' என்பது ஊரைச் சொல்கிறது, நெய்தவர் குர்திஷ்தான் என்று அது தானாகச் சொல்லிவிடாது.

ஜாஃப்: ஈரான் இராக் எல்லையின் இரு புறமும் வாழ்ந்த பெரிய கூட்டம். இவர்களுடைய பொதிப்பைகள்தான் சந்தையில் அதிகம். ஏறக்குறைய இரண்டு அடிக்கு இரண்டரை அடி அளவில், முகப்பை மட்டும் வெட்டி எடுத்துச் சிறு விரிப்புபோல விற்பார்கள். முகப்பு முழுதும் கொக்கிகள் முளைத்த சாய்சதுரங்கள். பின்பக்கத்தில் அந்தச் சாய்கோட்டைப் பாருங்கள். சாதாரண நெசவில் ஒவ்வொரு படியும் ஒரு முழு முடிச்சு அகலம் நகரும். ஜாஃப் நெசவில் பாதி முடிச்சுதான் நகரும். கீழ்வரியில் ஒன்றும் இரண்டுமான பாவில் முடிச்சு என்றால், மேல்வரியில் இரண்டும் மூன்றுமான பாவில். இந்தத் தள்ளிப்போடும் உத்தியால் குறைந்த அடர்த்தியிலும் கோடு பல்லிளிக்காமல் வழுவழுப்பாக ஏறும். கிழக்கு அனத்தோலியாவிலும் துருக்மென் நெசவிலும் அங்கங்கே இது உண்டு. ஆனால் சாய்சதுரக் கொக்கி, பளபளக்கும் நீண்ட ரோமம், பழுப்பு ஊடை, தள்ளிய முடிச்சு நான்கும் ஒரே பையில் சேர்ந்து வந்தால் தைரியமாக ஜாஃப் என்று எழுதலாம்.

மற்றவை இவ்வளவு சுலபமில்லை. உருமியா ஏரிக்குத் தெற்கே இருக்கும் மஹாபாதின் பழைய பெயர் சாவுஜ்புலாக். அந்தப் பெயரில் விற்கும் கம்பளங்களில் ஆழமான சிவப்பும் நீலமும் கண்ணைக் கட்டும், ஆனால் நெசவில் ஒரே சீரான முத்திரை கிடையாது. கெர்மான்ஷாவுக்கு வடகிழக்கே சுன்கூர் பக்கத்துக் குலியாயி கிராமங்களில் நெய்தவை பெரும்பாலும் ஹமதான் சந்தை வழியாகவே வெளியே போயின, அதனால் ஹமதான் என்றே பெயரும் எடுத்தன. துருக்கிப் பக்கம் மலாத்தியா, வான், ஹக்காரி, கார்ஸ் என்று பட்டியல் நீளும். அங்கே பொதுவாக நீளமாக, குறுகலாக, ரோமம் நீண்டு, நிறம் அடர்ந்து இருக்கும். கார்ஸ் பகுதியில் காக்கசஸ் நெசவும் குர்திஷ் நெசவும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. அங்கே துல்லியமாகப் பிரித்துச் சொல்பவரைக் கண்டால் நான் சற்று ஒதுங்கியே நிற்பேன். ஆர்மேனிய எழுத்து ஏதாவது நெய்யப்பட்டிருந்தால், அந்த நிலத்தில் 1915 வரை பக்கத்துப் பக்கத்து ஊர்களில் நெய்துகொண்டிருந்த ஆர்மேனியர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: முனையும் ஓரமும்

இருந்தால் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் தேய்ந்து போவது இவைதான். முனையில் முடிச்சில்லாத நெசவுப் பட்டை எவ்வளவு அகலம், அதில் நிறக்கோடு ஓடுகிறதா, பாவு முனைகளைப் பின்னலாகப் பின்னியிருக்கிறார்களா, வெறுமனே முடிந்திருக்கிறார்களா? ஓரத்தில் எத்தனை பாவைச் சேர்த்துச் சுற்றியிருக்கிறார்கள், சுற்றிய நூல் ஒரே நிறமா, பல நிறமா? குர்திஷ் கிராமத்துக் கம்பளங்களில் ஓரம் தடிமனாக, சில சமயம் நிறம் மாற்றி மாற்றிச் சுற்றப்பட்டிருக்கும். ஓரம் மட்டும் புதுசாக, கச்சிதமாக, ஒரே நிறத்தில் இருந்தால் பழுதுபார்த்தவர் கைவேலை. அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

நான்காம் படி: நிறம்

குர்திஷ் கம்பளத்தைப் பலர் தேடி வாங்குவதற்கு நிறம்தான் காரணம், ஆகவே இங்கே நிதானமாக இருங்கள்.

இயற்கைச் சாயங்களில் நீலத்துக்கு அவுரி. சிவப்புக்கு நம் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேர், படிகாரம் சேர்த்து. மஞ்சளுக்கு உள்ளூர்ப் பூஞ்செடிகளும் மாதுளைத் தோலும். பச்சை தனிச்சாயம் இல்லை, மஞ்சள்மேல் அவுரியோ அவுரிமேல் மஞ்சளோ தோய்த்தது. பழுப்புக்கும் கறுப்புக்கும் அக்ரூட் காய்த்தோல், அல்லது துவர்ப்புச் சரக்கோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பு. இந்த இரும்புச்சத்து ரோமத்தை மெல்ல அரித்துவிடும். அதனால் பழைய கம்பளத்தில் அடர்பழுப்பு இடங்கள் மட்டும் குழிந்து, மற்ற நிறங்கள் மேடாக நிற்கும். தடவிப் பாருங்கள், விரலுக்கே தெரியும். கத்தரியால் பழுப்பை மட்டும் வெட்டி இதே தோற்றத்தைக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்டியது மட்டமாக ஒரே உயரத்தில் இருக்கும். அரிப்பு ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்று தாறுமாறாக இருக்கும்.

ஒரே நீலம் மேலே போகப் போக வெளிறி அல்லது கறுத்து, படுக்கைக் கோடாகத் தெரிவதற்கு அப்ராஷ் என்று பெயர். சின்னச் சின்னத் தொகுதியாகச் சாயம் தோய்த்த நூல் தீர்ந்து அடுத்தது வந்த இடம் அது. குர்திஷ் கம்பளத்தில் இது குறையாகப் பார்க்கப்படுவதில்லை. பலருக்கு (எனக்கும்) அதுதான் கம்பளத்தின் அழகே. ஆனால் இப்போது புதுக் கம்பளங்களிலும் வேண்டுமென்றே அப்ராஷ் போடுகிறார்கள். வரிக்கு வரி அளந்து வைத்ததுபோல் சீராக மாறினால் உஷாராகுங்கள்.

செயற்கைச் சாயம்தான் காலத்தைச் சொல்லும் நல்ல சாட்சி. முதல் செயற்கைச் சாயமான மாவ் என்ற ஊதா 1856இல் லண்டனில் உருவானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஃபுக்சின் என்ற மெஜந்தா வந்தது. 1870களின் பிற்பகுதியிலிருந்து அசோ வகைச் சிவப்புகளும் ஆரஞ்சுகளும் கீழை நாடுகளின் சந்தைகளுக்கு வந்தன. செயற்கை அவுரி 1897இல் விற்பனைக்கு வந்தது. எளிதில் மங்காத செயற்கைச் சாயங்களான குரோம் சாயங்கள் முதல் உலகப்போருக்குப் பிறகுதான் பரவலாயின. ஃபுக்சினைப் பிடிப்பது சுலபம். முன்பக்கத்தில் சாம்பல் அல்லது வெளிறிய பழுப்பாகத் தெரியும் இடத்தைத் திருப்பினால் பின்னால் பளீரென்று ஊதா கலந்த இளஞ்சிவப்பு இருக்கும். ரோமத்தைப் பிளந்து அடியையும் நுனியையும் ஒப்பிடுங்கள். நுனி வெளிறி அடி கத்துகிற நிறமாக இருந்தால் செயற்கைச் சாயமென்றே சந்தேகப்படலாம். ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பின்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் ஆரஞ்சோ சிவப்போ ஒட்டினால், அந்தக் காலத்து மலிவான அசோ சிவப்பு, அல்லது மங்கிய இடத்தில் அண்மையில் யாரோ மை பூசியிருக்கிறார்கள்.

இந்தச் சாட்சி ஒரு பக்கம்தான் பேசும். ஃபுக்சின் இருந்தால் 1850களின் கடைசிக்கு முன்னால் நெய்ததில்லை, அது உறுதி. செயற்கைச் சாயம் எதுவும் இல்லை என்பதால் மட்டும் பழசு என்று ஆகிவிடாது. சந்தைக்கு எட்டாத கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் வேரையும் அவுரியையும்தான் கொதிக்கவைத்தார்கள். அது போதாதென்று, இயற்கைச் சாயத்தை மீட்க 1981இல் துருக்கியில் தொடங்கிய டோபாக் திட்டத்துக்குப் பிறகு அந்தச் சாயத்திலேயே புதுக் கம்பளங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

ஐந்தாம் படி: வடிவம்

இப்போது முன்பக்கத்துக்கு வரலாம். அடிக்கடி கண்ணில் படுபவை சில: நடுவில் சாய்சதுரமும் அதைச் சுற்றி வளைந்த இலைகளும் கொண்ட ஹெராட்டி, பெரிய பூக்களைக் கொடிகள் வலைபோல் இணைக்கும் மீனா கானி, நாம் மாங்காய் என்று சொல்லும் போதே, ஐரோப்பிய ரோஜாக்கொத்து. ஹெராட்டியும் மாங்காயும் ரோஜாவும் சென்னேயில் நிறையப் பார்க்கலாம். மீனா கானி குர்திஷ் கிராமங்களிலும், டெஹ்ரானுக்கு அருகே உள்ள வராமினிலும் உண்டு. பீஜார் பக்கத்துக் கர்ரூஸ் வடிவத்தில் பிளவுபட்ட பெரிய கொடிகள் கம்பளம் முழுதும் சுழன்று ஓடும். இவற்றில் எதுவுமே குர்திஷ் மக்களுக்கு மட்டும் சொந்தமில்லை, ஆகவே வடிவத்தை ஆதாரமாக எடுக்காமல் துணைச்சான்றாக வையுங்கள்.

வடிவத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பது அதைவிட உதவும். பட்டறைக்காரர் ஹெராட்டியை வரைபடத்தாளைப் பார்த்து நெய்வார், மூலைக்கு மூலை பிசகாது. குர்திஷ் கிராமத்துப் பெண் அதையே பெரிதாக்கி, இலையைக் கொக்கியாக்கி, இடம் போதாவிட்டால் பாதியில் நிறுத்தி, காலியிடத்தில் ஒரு சீப்பையோ கோழியையோ வைத்துவிடுவாள். கரையோரக் கொடி மூலையில் திரும்பாமல் முட்டிக்கொண்டு நிற்கும். நகரத்து வடிவம் ஒன்று இப்படிக் கிராமத்துக் கைக்குள் வந்து உருமாறியிருந்தால், அதோடு ரோமப் பாவும் சமமுடிச்சும் சேர்ந்திருந்தால், மேற்கு ஈரான் குர்திஷ் என்ற ஊகம் வலுக்கிறது.

வாகிரே என்று ஒன்று உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். ஒரே சிறு துண்டில் இரண்டு மூன்று கரைகளின் துணுக்கும் நடுவடிவத்தின் ஒரு பங்கும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நெய்திருக்கும். நெய்பவர்களுக்கு மாதிரியாகக் காட்டச் செய்த துண்டு அது. பீஜார் வட்டாரத்தில் நிறைய நெய்தார்கள். அரைகுறைக் கம்பளம் என்று நினைத்து ஒதுக்குபவர்களால்தான் அது சில சமயம் மலிவாகக் கிடைக்கிறது.

ஆறாம் படி: நெய்த தேதி இருந்தால்

தேதி நெய்த கம்பளம் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் உடனே நம்ப வேண்டாம். எண்கள் அரபு பாரசீக எண்களாக இருக்கும், ஆண்டு ஹிஜ்ரி. எழுதப் படிக்கத் தெரியாதவர் பார்த்து நெய்தது என்றால் எண் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கலாம், முதல் ஒன்று விடுபட்டிருக்கலாம். சந்திர ஹிஜ்ரியை மாற்ற, எண்ணை 33ஆல் வகுத்து, வந்ததை அதிலேயே கழித்து, 622ஐக் கூட்டுங்கள். 1310 என்றால், 33ஆல் வகுத்தால் 40, கழித்தால் 1270, கூட்டினால் 1892. ஓராண்டு முன்பின் இருக்கும்.

ஈரானில் 1925இல் சூரிய ஹிஜ்ரி அதிகாரபூர்வ நாட்காட்டியானது. அந்த முறையில் ஆண்டு அப்போது 1304. சூரியக் கணக்குக்கு 621ஐக் கூட்டினால் போதும். இதனால் அதே 1310, சூரியக் கணக்கில் 1931 ஆகிவிடும். நாற்பது வருட வித்தியாசம்! எந்தக் கணக்கு என்று சாயத்தையும் நூலையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

எண்ணைத் திருத்தும் வித்தையும் பழையது. அரபு எழுத்தில் மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். சில முடிச்சுகளைப் பிடுங்கி வேறு நிறத்தில் போட்டால் 1322 என்பது 1222 ஆகி, 1904 ஒரே நாளில் 1807 ஆகிவிடும். எண்ணுக்கு நேர் பின்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். சுற்றியுள்ள முடிச்சுகள் தேய்ந்து பளபளத்திருக்க, அந்த நாலைந்து மட்டும் உப்பலாகத் தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளுங்கள்.

தேதி இல்லாதவைதான் பெரும்பான்மை. ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று தோன்றும். கார்பன் சோதனை இங்கே பெரும்பாலும் வீண்செலவு. சுமார் 1650க்குப் பிந்தைய பொருட்களுக்கு அதன் விடை நூற்றாண்டுக்கணக்கில் ஊசலாடும், நம் கையில் வரும் குர்திஷ் கம்பளங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியவையும்தான். சாயப் பகுப்பாய்வு உருப்படியானது, ஆனால் விலை உயர்ந்த துண்டுக்குத்தான் கட்டுப்படியாகும்.

ஏழாம் படி: எழுதி வையுங்கள்

பார்த்து முடித்ததும் தீர்ப்பை ஒரே வரியில் எழுதாதீர்கள். உறுதியானது, சாத்தியமானது, ஊகம் என்று மூன்று அடுக்காக எழுதுங்கள். உதாரணத்துக்கு, கையில் நீளமான ஒரு விரிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோமப் பாவு, சமமுடிச்சு, இரண்டு பழுப்பு ஊடை, பாவு ஒரே மட்டத்தில், நடுவில் பெரிதாக்கிய ஹெராட்டி, ஓர் இடத்தில் பின்னால் மட்டும் தெரியும் மெஜந்தா. இப்படி எழுதலாம்: "உறுதி: 1850களின் கடைசிக்குப் பிந்தியது, கிராமத்து நெசவு. சாத்தியம்: மேற்கு ஈரான் குர்திஷ், 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊகம்: சாவுஜ்புலாக் வட்டாரம்." விற்பவர் மூன்றாவது அடுக்கை முதல் அடுக்காகச் சொல்வார், விலையையும் அதற்கேற்பத்தான் வைப்பார்.

நூறு வருடத்துக்கு மேற்பட்டதைத்தான் பழம்பொருள் என்பது பொது வழக்கம். ஐம்பதிலிருந்து நூறுவரை 'அரைப் பழசு' என்பார்கள். விலைச்சீட்டில் 'பழைய' என்று மட்டும் இருந்தால் அதற்குத் திட்டமான அர்த்தம் எதுவும் இல்லை. நாடு விஷயத்திலும் ஒரு கண் இருக்கட்டும். அமெரிக்கா ஈரானியக் கம்பள இறக்குமதியை 2018இல் மறுபடி தடைசெய்தது. அதனால் ஈரானில் நெய்ததைத் துருக்கி என்றோ இராக் என்றோ சொல்ல விற்பவருக்குக் காரணம் இருக்கிறது. நெசவோடு சீட்டு பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண் பழக, சந்தேகமில்லாத பொருட்களைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. இராக்கின் எர்பில் கோட்டைக்குள் குர்திஷ் நெசவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. டெஹ்ரானில் ஈரான் கம்பள அருங்காட்சியகம். நேரில் போக முடியாதவர்கள் பெரிய அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் பின்பக்கப் படமும் நெசவு விவரமும் தரும் பதிவுகளைத் தேடிப் படிக்கலாம். முன்பக்கப் படம் மட்டும் போடும் விற்பனைத் தளங்களிடம், வாங்கும் முன் இரண்டு படம் கேளுங்கள்: ஒரு மூலையின் பின்பக்கம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது ஒன்று, ரோமத்தைப் பிளந்து அடிநிறம் தெரிய எடுத்தது இன்னொன்று. அனுப்ப மறுத்தால் அடுத்த கம்பளத்தைப் பாருங்கள்.